கண்ணி வைத்தவனைக் கண்டோம். விலை வைத்தவன் எங்கே?

தொழிலாளி பத்திரிகையில் கொரில்லாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எலவனாசூர்கோட்டையில் நாற்று நடுகிறவளுக்கும், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவனுக்கும் ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கால் ஆகப் போவது என்ன என்று கேட்கக்கூடும். நிரம்ப இருக்கிறது, தோழர்களே! இந்தக் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

'கொரில்லாஸ் இன் த மிஸ்ட்' என்று ஓர் ஆங்கிலப் படம் உண்டு. மூடுபனியில் கொரில்லாக்கள் என்று பொருள். 1988இல் வெளிவந்தது. மைக்கேல் ஆப்டெட் டைரக்ட் செய்தார். சிகோர்னி வீவர் கதாநாயகியாக நடித்தார். சிறந்த நடிகை உட்பட 5 ஆஸ்கார் பரிசுகளுக்கு அந்தப் படத்தின் பெயர் முன்மொழியப்பட்டது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட படம் பட்டணத்துக் கொட்டகையோடு நின்றுவிடும். இப்பொழுது கைபேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். நம்முடைய பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அது சொல்லாமல் சொல்லும் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டுக்கும் காட்டு ஜீவன்களுக்கும் எதிரி அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஏழைதான் என்பதே அந்த நியாயம். அதே நியாயத்தைச் சொல்லித்தான் கல்வராயன் மலையிலும், ஜவ்வாது மலையிலும், சித்தேரி மலையிலும் நம்முடைய ஜனங்களை வேட்டையாடி வந்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

அந்த அம்மையாருக்கு உரிய மரியாதை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். படத்தின் நாயகி கற்பனைப் பாத்திரம் அல்ல. டயன் ஃபாசி என்ற அமெரிக்கப் பெண்மணி 1932இல் பிறந்தார். ஊனமுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பெரிய பணக்காரர் அல்ல. கடன் வாங்கிக்கொண்டு 1963இல் முதன்முதலாக ஆப்பிரிக்கா போய் வந்தார். லூயிஸ் லீக்கி என்ற ஆராய்ச்சியாளரின் உதவியால் 1967 தொடக்கத்தில் காங்கோ நாட்டு மலைக்காட்டில் கொரில்லாக்களை ஆராயத் தொடங்கினார். அங்கே கலகம் மூண்டது. எல்லை தாண்டி ருவாண்டா நாட்டுக்கு வந்து, அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கரிசோகே என்ற இடத்தில் முகாம் அமைத்தார். குளிரிலும் சேற்றிலும், நுரையீரல் நோயோடு, பதினெட்டு வருஷ காலம் அந்த மலையோடு கட்டுண்டு கிடந்தார்.

அதுவரை கொரில்லாவை மனிதனைக் கிழிக்கும் ராட்சதப் பிராணி என்று வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கதை கட்டியிருந்தார்கள். அது தழை தின்னும் சாதுவான பிராணி, குடும்பமாக வாழ்கிறது, குட்டியை மார்போடு அணைத்து வளர்க்கிறது என்பதை உலகம் பார்க்கும்படி செய்தவர்களில் ஃபாசி அம்மையார் முக்கியமானவர். 1985 டிசம்பர் கடைசியில் முகாமிலிருந்த தன் குடிசைக்குள் வெட்டுண்டு இறந்து கிடந்தார். அவர் உடலை அங்கேயே, கொல்லப்பட்ட கொரில்லாக்களின் சமாதிகளுக்கு நடுவில் புதைத்தார்கள்.

இந்த உழைப்பையும் துணிவையும் நாம் குறைத்துப் பேச மாட்டோம். 1981இல் விருங்கா மலைத்தொடரில் எஞ்சியிருந்த கொரில்லாக்கள் ஏறத்தாழ 250. இன்று அந்த மலைத்தொடரில் மாத்திரம் 600க்கு மேல். உகாண்டா நாட்டின் ப்விண்டி காட்டையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். அழிந்தே போயிற்று என்று கைவிடப்பட்ட இனம் மீண்டிருக்கிறது. அதில் அந்த அம்மையாருக்கும் பங்கு உண்டு.

படம் காட்டும் வில்லன்

இனி படத்துக்கு வருவோம். படத்தில் வில்லன் யார்? பட்வா என்ற வனவாசி ஜனங்கள். குள்ளமான உருவம், கையில் ஈட்டி, கூடவே வேட்டை நாய். புதரிலிருந்து திடீரென்று பாய்கிறார்கள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களுடைய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிப் போவார்கள் என்று படம் கேட்பதில்லை. இவர்களுக்குப் பிழைக்க வேறு வழியில்லை என்று ருவாண்டா அதிகாரி ஒருவர் படத்திலேயே சொல்லுகிறார். கதாநாயகி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு என்ன நடக்கிறது? அவர்களுடைய குடிசைகளுக்குத் தீ வைக்கிறார். பிடிபட்ட ஒருவனின் கழுத்தில் சுருக்குப் போட்டு, தூக்கிலிடுவது போல நடித்து மிரட்டுகிறார்.

இது சினிமாக்காரர் கட்டிய கதை மாத்திரம் அல்ல. நிஜத்திலும் அந்த அம்மையாரின் முகாமில் பிடிபட்டவர்கள் காஞ்சொறிச் செடியால் அடிபட்டிருக்கிறார்கள். வேட்டைக்காரன் ஒருவனின் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்ட சம்பவமும் உண்டு. குடிசையில் தீ எரிகிறபோது பார்க்கிறவன் மனம் யார் பக்கம் நிற்கிறது? கதாநாயகியின் பக்கம்! அதுதான் சினிமாவின் சக்தி. எரிகிற குடிசைக்குள் யாருடைய கஞ்சிப்பானை இருந்தது என்று கேட்கத் தோன்றாதபடி செய்துவிடுகிறது. குடிசை எரிந்து பார்த்தவர்கள் நாம். நமக்கு அந்தக் கேள்வி தோன்றித்தான் ஆக வேண்டும்.

முதல் வேட்டைக்காரன் யார்?

பட்வா ஜனங்கள் அந்தக் காட்டில் எத்தனையோ தலைமுறையாக இருந்தவர்கள். அவர்கள் காலத்தில் கொரில்லா இனம் அழியவில்லை. அழிவு எப்பொழுது தொடங்கியது? கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

1902இல் பெரிங்கே என்ற ஜெர்மானிய ராணுவ அதிகாரி விருங்கா மலையேறி இரண்டு கொரில்லாக்களைச் சுட்டு வீழ்த்தினான். ஐரோப்பா இந்த மலைக் கொரில்லாவை அறிந்தது அந்தத் துப்பாக்கியின் வழியாகத்தான். அவனுக்கு என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா? அந்த இனத்துக்கே அவன் பெயரை விஞ்ஞானிகள் சூட்டினார்கள்! பிறகு சுவீடன் நாட்டு இளவரசன் வில்லியம் வந்தான். 14 கொரில்லாக்களைக் கொன்று போனான். 1921இல் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர் நியூயார்க் காட்சிசாலைக்காகச் சுட்டுத் தோலுரித்துக் கொண்டு போனார். பின்னால் மனம் மாறி இந்த இனத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடினார்; அவர் முயற்சியால் பெல்ஜிய சர்க்கார் 1925இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்தது. அது வாஸ்தவம். ஆனால் துரை சுட்டால் விஞ்ஞானம், இளவரசன் சுட்டால் வீர விளையாட்டு. காட்டுக்குச் சொந்தக்காரன் மானுக்குக் கண்ணி வைத்தால் மட்டும் திருட்டு என்று ஆகிவிட்டது.

மானுக்கு என்று ஏன் சொல்கிறோம்? அந்தக் காட்டில் ஏழைகள் வைத்த கண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை மானைப் பிடிக்க வைத்தவை. அந்தக் கம்பியில் கொரில்லாவின் கையோ காலோ தவறி மாட்டிக்கொண்டது. அதனால் கொரில்லாக்கள் அழுகிச் செத்தன என்பது உண்மை, கொடுமை. ஆனால் கொரில்லாவின் தலையையே குறிவைத்து வந்த வேட்டை வேறு விதம். அந்த வேட்டைக்கு எங்கிருந்தோ பணம் வந்தது.

ஜெர்மனியின் கொலோன் நகர மிருகக்காட்சிசாலைக்குக் கொரில்லாக் குட்டி தேவைப்பட்டது. 1969இல் இரண்டு குட்டிகளைப் பிடித்தார்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் வரை குட்டியை விட்டுக் கொடுக்காத இனம் அது. ஆகவே ஃபாசி அம்மையார் எழுதிய கணக்குப்படி, அந்த இரண்டு குட்டிகளுக்காக 18 கொரில்லாக்கள் மாண்டன. குற்றுயிராகக் கிடந்த குட்டிகளை அம்மையார் தேற்றி எடுத்தார். தேறியதும் சர்க்கார் அவற்றை வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. இரண்டும் 1978இல் கூண்டுக்குள்ளேயே செத்தன. அந்த ஜெர்மன் காட்சிசாலை அதிகாரிகளில் எவர் குடிசையாவது எரிந்ததா? எவர் கழுத்திலாவது சுருக்கு விழுந்ததா? படத்திலும் ஒரு மிருக வியாபாரி வருகிறான். கதாநாயகி அவனிடம் சண்டை போடுகிறார். அவனுக்கு ஏச்சு, பட்வாவுக்குத் தீயும் தூக்குக் கயிறும்!

பூச்செடி தின்ற காடு

படத்தில் வராத இன்னொரு கதை உண்டு. கொரில்லா வாழ்வதற்குக் காடு வேண்டும். ருவாண்டாவில் அந்தக் காட்டை வெட்டியது யார்? 1960களின் கடைசியில் தேசியப் பூங்காவின் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிரித்து எடுத்து, மரத்தை வெட்டி, பைரெத்ரம் என்ற பூச்செடியைப் பயிரிட்டார்கள். சாமந்தி இனத்தைச் சேர்ந்த செடி. அந்தப் பூவை உலர்த்திப் பூச்சி மருந்து எடுப்பார்கள். கொசுவர்த்திக்கும் அதுதான் சரக்கு. பணம் கொடுத்தது ஐரோப்பிய நாடுகளின் அபிவிருத்தி நிதி. சரக்கு போய்ச் சேர்ந்தது பணக்கார நாடுகளின் சந்தைக்கு.

ஈட்டி வைத்திருந்த பட்வா ஒரு கொரில்லாவைக் கொன்றான். பேனா வைத்திருந்த கனவான்கள் ஒரே கையெழுத்தில், தலைமுறை தலைமுறையாகக் கொரில்லாக் குடும்பங்கள் வாழ வேண்டிய காட்டையே இல்லாமல் செய்தார்கள். முதல் காட்சியைப் படம் எடுப்பது சுலபம்: ரத்தம் தெரியும், அலறல் கேட்கும். இரண்டாவதில் கோப்பும் கையெழுத்தும்தான் தெரியும். அதற்கு யார் டிக்கெட் வாங்குவார்?

நம் தேசத்திலும் ஒரு வாலில்லாக் குரங்கு உண்டு. ஹூலக் கிப்பன் என்று பெயர். வடகிழக்கு மலைக்காடுகளில் வாழ்வது. அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு அருகில் 21 சதுர கிலோமீட்டர் காட்டை 1997இல் அதற்கான சரணாலயம் என்று அறிவித்தார்கள். அது பெரும்பாலும் தரையில் இறங்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். அந்தக் காட்டை வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாதை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அந்தப் பக்கத்துக் குரங்கு இந்தப் பக்கம் வர வழியில்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்துக் கொடுத்த கூலிகள் யார்? சோட்டா நாகபுரியிலிருந்து கங்காணிகள் ஆசைகாட்டிக் கொண்டுபோன ஆதிவாசி ஜனங்கள். காடு இழந்த ஜனங்களைக் கொண்டே இன்னொரு காட்டை அழிக்க வைத்த லாபவேட்டை அது!

இருபது டாலர் தலை

ஃபாசி அம்மையாருக்கு மிகப் பிரியமான கொரில்லாவின் பெயர் டிஜிட். 1977 டிசம்பர் 31 அன்று, தன் கூட்டம் தப்பியோட வழிவிட்டு, தனியாக நின்று ஈட்டிகளைத் தாங்கிச் செத்தது. தலையை வெட்டினார்கள், கைகளை வெட்டினார்கள். அந்தத் தலைக்கும் கைகளுக்கும் பேசிய விலை 20 டாலர். கொரில்லாக் கையைச் சாம்பல் கிண்ணமாகச் செய்து வரவேற்பறையில் வைத்துக்கொள்ளும் சீமான்கள் அன்றைக்கு இருந்தார்கள்.

இருபது டாலரை வாங்கினவன் பிடிபட்டான், உதைபட்டான், சிறைக்குப் போனான். அந்தக் கிண்ணத்தில் சுருட்டுச் சாம்பலைத் தட்டினவன் பெயர் எந்தக் கோர்ட்டு ரிக்கார்டிலாவது உண்டா? கண்ணி வைத்தவனைப் படம் காட்டுகிறது. விலை வைத்தவனைக் காட்டவில்லை. விலை வைத்தவன் இருக்கும் வரை கண்ணி வைக்க ஒருவன் கிடைத்துக்கொண்டே இருப்பான். பசி அவனைக் கொண்டுவந்து நிறுத்தும். இதைப் பேசாமல் விட்டதுதான் அந்தப் படத்தின் பெருங்குறை என்கிறோம்.

தடம் காட்டியவன் பெயர்

இன்னொன்று. ஒற்றைப் பெண்மணி தனி ஆளாகக் கொரில்லாவைக் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டுதான் ஜனங்கள் இந்தப் படத்தை விட்டு எழுந்திருப்பார்கள். முகாமுக்குச் சாமான் தூக்கினது யார்? விறகு பிளந்து குளிர் காய வைத்தது யார்? சேற்றில் கால் தடம் பார்த்து, மடிந்த தழையைப் பார்த்து, கொரில்லாக் கூட்டம் எந்தப் பக்கம் போயிற்று என்று காட்டியது யார்? காங்கோவில் சன்வெக்வே என்ற தொழிலாளிதான் ஃபாசி அம்மையாருக்குத் தடம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். அவருக்கு முன்பு அதே மலையில் ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் ஷாலருக்கும் அவரே வழிகாட்டி. புத்தகத்தின் அட்டையில் ஆராய்ச்சியாளர் பெயர் இருக்கும். வழிகாட்டி உள்ளே எங்கோ ஒரு வரியில் இருப்பார்.

அம்மையாரின் கொலை வழக்கைப் பாருங்கள். ருவாண்டா அரசு இரண்டு பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவர் முகாமில் முன்பு தடம் பார்க்கும் வேலை செய்த ரவேலேகானா. மற்றவர் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி மாணவர். அமெரிக்கர் தன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் இல்லாமலேயே விசாரணை நடந்து 1986 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். தண்டனை காகிதத்தோடு நின்றது. ரவேலேகானாவோ விசாரணைக்கு முன்பே சிறைக்குள் பிணமாகக் கிடந்தார். உண்மையான கொலையாளி யார் என்பது இன்று வரை ஐயமறத் தீரவில்லை. தப்பிக்கக் கப்பலும் விமானமும் இல்லாத தொழிலாளி மட்டும் செத்துப்போனார்.

இன்று கொரில்லாவைக் காக்கிறவர்கள் யார்? துப்பாக்கியோடு இரவும் பகலும் காட்டைச் சுற்றுகிற வனக்காவலர்கள், தடம் பார்க்கிறவர்கள், சுமை தூக்கிகள். காங்கோவின் விருங்கா பூங்காவில் இதுவரை 200க்கும் மேற்பட்ட வனக்காவலர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 24 அன்று ஒரே தாக்குதலில் 12 பேர் மாண்டார்கள்.

காட்டை விட்டு விரட்டப்பட்ட பட்வாக்களின் கதி என்ன? உகாண்டாவில் 1991இல் ப்விண்டியையும் ம்கஹிங்காவையும் தேசியப் பூங்கா என்று அறிவித்து அவர்களை வெளியேற்றினார்கள். முறையான நஷ்ட ஈடு இல்லை, நிலம் இல்லை. அடுத்தவன் நிலத்தில் கூலிகளாக, பிச்சைக்காரர்களாகச் சிதறிப் போனார்கள். அவர்களுக்கு அநீதி நடந்தது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2021 வரை ஆயிற்று. இதற்கிடையில் ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லாவைப் பார்ப்பதற்குக் கட்டணம் 1500 டாலர். 2017 முதல் அதுதான் விகிதம். அந்த வருமானத்தில் நூற்றுக்குப் பத்து சுற்றுப்புற ஊர்களுக்குப் போகிறது. ஒன்றும் கொடுக்காததற்கு இது மேல்தான், மறுக்கவில்லை. மீதித் தொண்ணூறில் அந்தக் காட்டின் பழைய சொந்தக்காரனுக்கு எவ்வளவு என்று நாம் கேட்கிறோம்.

சேஷாசலத்தில் செத்தவர்கள்

இப்பொழுது ஆப்பிரிக்காவை விட்டு நம் மலைக்கு வாருங்கள்.

2015 ஏப்ரல் 7. ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை ஆந்திரப் போலீசும் வனத்துறையும் சேர்ந்த படை சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொன்னார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். பலர் மலைவாழ் ஜனங்கள். கல்வராயன் மலையிலிருந்தும் எத்தனையோ வாலிபர்களை ஏஜெண்டுகள் ஆசைகாட்டி அழைத்துப் போயிருக்கிறார்கள். எத்தனையோ பேர் ஆந்திரச் சிறைகளில் கிடந்திருக்கிறார்கள். மரம் வெட்டும் கை வேண்டும் அவர்களுக்கு. கோடாலி பிடிக்கத் தெரிந்த, வீட்டில் அரிசி இல்லாத கை.

செம்மரமும் அழிந்து வரும் அரிய மரம்தான். அதைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டை எங்கே போகிறது? மலையாளிப் பழங்குடியின் குடிசையில் செம்மரக் கட்டில் கிடக்கிறதா? சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. பெரிய மனிதர் வீட்டு நாற்காலியாக, வாத்தியமாக ஆகிறது. வெட்டுகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் ஏஜெண்டு, லாரி, கிடங்கு, துறைமுகம், அனுமதிச் சீட்டு என்று பெரிய சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த கண்ணி எது? கோடாலி பிடித்த கடைசிக் கண்ணி! கொரில்லாத் தலைக்கு 20 டாலர் பேசிய அதே வியாபாரம், சேஷாசலத்தில் 20 மனிதத் தலைகளை வாங்கிப் போயிற்று.

மலை யாருடையது?

கல்வராயன் மலை ஜனங்கள் ஏன் கோடாலியோடு அடுத்த ராஜ்யத்துக்கு ஓடுகிறார்கள்? தேசத்துக்கு 1947இல் சுதந்திரம் வந்தது. கல்வராயன் மலைக்கு வந்ததா? அங்கே ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்தது. அவர்கள் நிலத்தில் ஜனங்கள் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். விளைச்சலில் பங்கும் அளந்தார்கள். ஜாகீர் ஒழிந்த பிறகு உழுதவன் பெயருக்குப் பட்டா வந்திருக்க வேண்டும். வனத்துறையின் எல்லைக்கல்தான் வந்தது. பாட்டன் திருத்திய காட்டில் பேரன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். 2024இல்கூட அந்த மலை ஊர்களுக்குச் சாலையும் அடிப்படை வசதியும் ஏன் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்கும் நிலை.

பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ அதிகாரிகள் கூட்டமாக அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைக் கற்பழித்தார்கள். காட்டைக் காக்க வந்தவர்களாம்! மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் விடாமல் போராடின. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை முழுதாகப் பெற அந்தப் பெண்களுக்கு 31 வருஷம் ஆயிற்று.

படத்தில் குடிசை எரிகிறபோது கைதட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறோம்: காட்டுக்கு எதிரி வனவாசி என்ற எண்ணத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டால் அது கடைசியில் வாச்சாத்தியில்தான் கொண்டுபோய் விடும்.

ஆஸ்கார் வந்த பிறகு வேலை

தமிழ்நாட்டிலும் ஒரு பெண்மணியைப் பற்றி இப்படி ஒரு படம் வந்தது. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் தாயை இழந்த குட்டி யானைகளைப் பிள்ளைபோல் வளர்த்த பெள்ளியம்மாவும் பொம்மனும்தான் கதை. காட்டுநாயக்கர் சமூகத்தவர்கள். கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த அந்தப் படம் 2023 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. பரிசு வந்தவுடன் தமிழ்நாடு சர்க்கார் இரண்டு யானை முகாம்களின் 91 தொழிலாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது; வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம் ஒதுக்கியது. தற்காலிக வேலையிலிருந்த பெள்ளியம்மாவுக்கு 2023 ஆகஸ்டில் நிரந்தர வேலை உத்தரவு கிடைத்தது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. வீடும் நிரந்தர வேலையும் நியாயம் என்றால், ஆஸ்கார் வரும் வரை ஏன் காத்திருந்தார்கள்? காமிராவுக்கு முன்னால் வராத வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எத்தனை பேர் தமிழ்நாட்டுக் காடுகளில் தொகுப்பூதியத்தில், யானைக்கும் சிறுத்தைக்கும் நடுவே இரவு ரோந்து போகிறார்கள்? அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு படம் எடுத்தால்தான் நிரந்தரமா?

இரண்டு பேருக்குப் பதில்

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வேட்டையாடட்டும், குரங்கு சாகட்டும் என்கிறீர்களா?" என்று கனவான்கள் கேட்பார்கள். இல்லை! அரிய பிராணியைக் கொல்வது குற்றம். வேட்டையைத் தடுக்க வேண்டும். ஆனால் கண்ணியை எடுத்தெறிகிற அன்றே, கண்ணி வைத்தவனுக்கு உழ நிலமும் உண்ண வேலையும் கொடு. விலை வைத்தவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்று என்கிறோம். ருவாண்டாவின் அனுபவமே இதற்குச் சாட்சி. அடித்து மிரட்டிய காலத்தில் கொரில்லாத் தொகை குறைந்துகொண்டே வந்தது. 1979க்குப் பிறகு உள்ளூர் ஜனங்களை வேலைக்கு வைத்து, பள்ளிக்கூடங்களில் பேசத் தொடங்கிய பிறகே அது ஏறியது. காவலும் வேண்டியிருந்தது, வைத்தியமும் வேண்டியிருந்தது; ஆனால் ஜனங்களைச் சேர்க்காமல் அது நடக்கவில்லை.

நம்மிலேயே சிலர், "கூலிக்காரனுக்குக் காட்டுக் கவலை எதற்கு? முதலில் கூலி உயரட்டும்" என்பார்கள். அவர்களுக்கும் பதில் சொல்கிறோம். கோமுகியும் மணிமுத்தாறும் எங்கே பிறக்கின்றன? கல்வராயன் மலையில். மலையில் காடு போனால் ஆற்றில் தண்ணீர் போகும். ஆற்றில் தண்ணீர் போனால் நெல்லும் கரும்பும் போகும். கரும்பு இல்லாமல் கச்சிராயபாளையத்துச் சர்க்கரை ஆலை ஓடுமா? நெல் இல்லாமல் அரிசி ஆலையில் மூட்டை இருக்குமா? நடவுக்கு ஆள் கூப்பிடுவார்களா? நிலமுள்ளவன் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பிழைத்துக்கொள்வான். முதலில் வேலை போகிறவர்கள் நாம்தான். காடு நம்முடைய கூலிப் பிரச்னை, தோழர்களே!

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பது இதுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கல்வராயன் மலையில் காட்டு நிலத்தை உழுது வரும் தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டா கொடு! காட்டை நிர்வகிக்கும் சமூக உரிமையைக் கிராம சபைக்குக் கொடு! மரம் வெட்டக் கூலிகளைக் கடத்திப் போகும் ஏஜெண்டுகளையும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் முதலாளிகளையும் பிடி! வேட்டைத் தடுப்புக் காவலர்களை நிரந்தரமாக்கு; அந்த வேலையில் மலைவாழ் வாலிபர்களுக்கு முதலிடம் கொடு!

அந்தப் படத்தையும் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டோம். சங்கக் கட்டடத்திலும் படிப்பகத்திலும் பத்துப் பேர் சேர்ந்து பாருங்கள். கொரில்லா தன் குட்டியை அணைக்கும் காட்சியில் மனம் உருகுங்கள். உருகாதவன் மனிதன் அல்ல. ஈட்டியோடு பட்வா வரும்போது மட்டும் படத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: "இவன் கண்ணி வைத்தான், சரி. விலை வைத்தவன் யார்?"